சின்னக் கணினியில் கூடுதல் டிஸ்க் போர்ட்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடித்தல்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரிய டவர் கணினிக்கு இடம் ஒதுக்குவது சுலபமல்ல. அதனால் நம்மில் பலரும் சின்னப் பெட்டியைத்தான் வாங்குகிறோம். ஒன்று, 17 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு உள்ள பெட்டி. இல்லையென்றால், அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும், அகராதி அளவே உள்ள மினி பிசி. பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு என்று வாங்கிய பெட்டி, சில ஆண்டுகளில் குடும்பத்தின் பெட்டகமாக மாறிவிடுகிறது. கல்யாண வீடியோ, ஊருக்குப் போனபோது எடுத்த படங்கள், தாத்தா எழுதிய கடிதங்களின் ஸ்கேன் எல்லாம் அதில் வந்து சேர்கின்றன. இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாட்டலாம் என்று மூடியைத் திறக்கும்போதுதான் உள்ளே டிஸ்கை இணைக்கும் சாட்டா போர்ட் இரண்டே இருப்பது தெரிகிறது. சில பெட்டிகளில் ஒன்றே ஒன்று.

கூடுதல் போர்ட் கார்டு வாங்கி மாட்டுவது பத்து நிமிட வேலை. மாட்டிய பிறகு வரும் கோளாறு ஒரு வாரத்தைத் தின்றுவிடும். நண்பர்கள், உறவினர்கள் வீடுகளில் இப்படிப் பல பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். கார்டே பழுதாக இருந்தது மிகச் சில முறைதான். கூடுதல் போர்ட் என்பது ஒரு பாகப்பிரிவினை. பெட்டியில் ஏற்கெனவே உள்ள லேன் (மதர்போர்டுக்குள் தகவல் ஓடும் பாதை), மின்சாரம், காற்று ஆகிய மூன்றையும் புதிய டிஸ்குகளுக்கும் பங்கு வைக்கிறோம். கோளாறு வந்தால், எந்தப் பங்கு போதவில்லை என்று தேடுங்கள். பாதி வழி வந்துவிடுவீர்கள்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. கோளாறு தெளியும்வரை டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள். 'ஃபார்மேட் செய்யவா', 'இனிஷியலைஸ் செய்யவா', 'பழுது பார்க்கவா' என்று கணினி எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். மூடியைத் திறக்கும் முன் 13 ஆம்பியர் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும்.

அறிகுறி: கார்டே கண்ணில் படவில்லை

டிஸ்க் தெரியாததும் கார்டு தெரியாததும் வெவ்வேறு நோய்கள். முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சாட்டா கன்ட்ரோலர் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை போதும். ஏஎஸ்எம்1166, ஏஎஸ்எம்1064, ஜேஎம்பி585 போன்ற சிப் உள்ள கார்டுகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. பொதுவான ஏஹெச்சிஐ டிரைவரே அவற்றை இயக்கிவிடும். ஆகவே பட்டியலில் கார்டு இல்லை என்றால் மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். கோளாறு ஸ்லாட்டில் இருக்கிறது.

எம்.2 ஸ்லாட்டில் மாட்டும் கார்டாக இருந்தால், அந்த ஸ்லாட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். ஒரே வடிவ ஸ்லாட்டில் சில மதர்போர்டுகள் சாட்டா மட்டும் கொடுக்கும், சில பிசிஐ எக்ஸ்பிரஸ் (கூடுதல் கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் வேகப் பாதை) மட்டும் கொடுக்கும், சில இரண்டையும் கொடுக்கும். கூடுதல் போர்ட் கார்டுக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் கட்டாயம் வேண்டும். இந்தக் கார்டுகள் பலவற்றின் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருப்பதால், டிஸ்குக்கான எந்த எம்.2 ஸ்லாட்டிலும் சிக்கலில்லாமல் நுழைந்துவிடும். நுழைவது வேறு, வேலை செய்வது வேறு. பழைய மினி பிசிக்களில் சாட்டா மட்டுமே தரும் எம்.2 ஸ்லாட் நிறைய உண்டு. அவற்றில் இந்தக் கார்டு மாட்டினால் எந்த வேலையும் செய்யாமல் சும்மா கிடக்கும். மதர்போர்டின் கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு நேராகப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருந்தால்தான் பணம் கொடுங்கள்.

வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு போர்ட் கார்டு மாட்டுவதும் ஒரு வழி. அந்த ஸ்லாட்டின் வெட்டு வேறு. அதற்கென்றே விற்கும் சின்னக் கார்டுதான் பொருந்தும். ஆனால் புதிய இன்டெல் போர்டுகள் சிலவற்றில் அந்த ஸ்லாட் வைஃபைக்காக மட்டுமே கம்பியிடப்பட்டிருக்கும், அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேனே வராது. இதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

ஸ்லாட் சரியாக இருந்தும் கார்டு தெரியவில்லையா? எம்.2 கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், பனையோலை மாதிரி மெலிந்த பலகை. அதன்மேல் ஐந்தாறு சாட்டா இணைப்புகள் வரிசையாக நிற்கின்றன. கார்டை ஸ்லாட்டில் பொருத்திவிட்டு மேலிருந்து ஒவ்வொரு கேபிளாக அழுத்தும்போது பலகை வில்லாக வளைகிறது. மறுமுனையில் தங்க விரல்கள் ஸ்லாட்டிலிருந்து நூலளவு வெளியே வந்துவிடுகின்றன. அந்த நூலளவு போதும், கார்டு காணாமல் போக. ஆகவே கேபிள்களை முதலில் கார்டில் செருகிவிட்டு, பிறகு கார்டை ஸ்லாட்டில் சாய்வாக நுழைத்து, கடைசியில் திருகை முடுக்குங்கள். கேபிள்களின் கனம் கார்டைப் பக்கவாட்டில் இழுக்காதபடி ஒரு கட்டுப் பட்டை போட்டுக் கேஸின் சட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். கேபிளின் மறுமுனையை டிஸ்கில் செருகும்போதும் கார்டு அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் மாட்டும் கார்டு என்றால் வேலை சுலபம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அந்த ஸ்லாட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் ரைசர் கேபிள் வழியாக மாட்டியிருந்தால், ஸ்லாட்டின் வேகத்தை ஆட்டோவில் விடாமல் ஒரு படி குறைத்து நிர்ணயித்துப் பாருங்கள். மலிவான ரைசர்கள் அதிக வேகத்தைத் தாங்குவதில்லை.

அறிகுறி: புதுக் கார்டு தெரிகிறது, பழைய டிஸ்க் மறைந்துவிட்டது

பதறவே வேண்டாம், டிஸ்குக்கு எதுவும் ஆகவில்லை. பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே லேனைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2 நிரம்பியதும் அந்தச் சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். எந்த போர்ட் அணைகிறது என்பது கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். மறைந்த டிஸ்கின் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் திரும்பி வந்துவிடும்.

அறிகுறி: கார்டு தெரிகிறது, டிஸ்க் தெரியவில்லை

காதால் கேட்பதைவிட விரலால் தொட்டுப் பார்ப்பது நிச்சயமானது. கணினியை இயக்கி, டிஸ்கின் உலோகப் பக்கத்தில் விரல் நுனியை வையுங்கள். சுழலும் டிஸ்க் மெல்லிய நடுக்கத்தைத் தரும், பூனையின் முதுகில் கை வைத்ததுபோல. நடுக்கம் இருந்தால் டேட்டா கேபிளைச் சந்தேகியுங்கள், இல்லையென்றால் மின்சாரத்தை.

நடுக்கம் இல்லாத டிஸ்க் வெளிப்புற யுஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்ததா? அப்படியென்றால் காரணம் அநேகமாக மூன்றாவது முள். சாட்டா மின் இணைப்பில் 15 முள்கள் உண்டு. அவற்றில் முதல் மூன்றும் முன்பு 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. டிஸ்குகள் அதைப் பயன்படுத்தியதே அரிது. 2016-இல் வந்த சாட்டா 3.3 விதி, மூன்றாவது முள்ளை 'டிஸ்கை அணைத்து வை' என்று சொல்லும் கம்பியாக மாற்றியது. பழைய பாணிப் பவர் சப்ளை அந்த முள்ளில் 3.3 வோல்ட்டைத் தொடர்ந்து அனுப்பும்போது, டிஸ்க் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு சுழலாமல் இருக்கிறது. டிஸ்க் நல்ல டிஸ்க். சொன்ன சொல்லைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து கேப்டான் டேப். அம்பர் நிறத்தில் இருக்கும், வெப்பம் தாங்கும் ஒட்டுநாடா. ஜாலான் புசாரில் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். எதிரே சிம் லிம் ஸ்குவேரில் கார்டும் கேபிளும் வாங்கிவிட்டு அப்படியே நடந்து போய்விடலாம். நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். டிஸ்கின் மின் இணைப்பில், டேட்டா இணைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் முனையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மூன்று முள்களும் மறையும்படி டேப்பை ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேய்த்து, மீதியைப் பின்பக்கம் மடித்துவிடுங்கள். நான்காவது முள்ளின்மேல் ஏறிவிடக் கூடாது; அது தரை இணைப்பு. சாதாரண செலோ டேப் வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் பசை இளகி, அடுத்த முறை கேபிளைக் கழற்றும்போது உள்ளேயே சுருண்டுவிடும்.

விரலில் நடுக்கம் தெரிகிறது, ஆனாலும் டிஸ்க் பட்டியலில் இல்லை என்றால், வேலை செய்யும் ஒரு டிஸ்கின் கேபிளோடு இதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு கேபிளோடு நகர்கிறதா, போர்ட்டோடு நிற்கிறதா, டிஸ்கோடு போகிறதா? ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். அவசரத்தில் மூன்றையும் ஒன்றாக மாற்றி, சரியானதும் காரணம் தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சர்வரிலிருந்து வந்த பழைய ஹெச்பிஏ கார்டு (பல டிஸ்குகளை இணைக்கும் பெரிய கார்டு) வாங்கியவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஒரு முனையில் பெரிய பிளக், மறுமுனையில் நான்கு சாட்டா உள்ள கேபிள்கள் இரண்டு வகை; நேர்வகை (ஃபார்வர்ட்), எதிர்வகை (ரிவர்ஸ்) என்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கார்டிலிருந்து டிஸ்குகளுக்குப் போக நேர்வகைதான் வேண்டும். எதிர்வகையை மாட்டினால் நான்கு டிஸ்குகளும் சுழலும், ஒன்றுகூடத் தெரியாது.

அறிகுறி: இயக்கும்போது 'டிக்' சத்தம், டிஸ்க் வந்து வந்து போகிறது, அல்லது கணினியே மறுபடி தொடங்குகிறது

மனிதர்கள் நல்ல டிஸ்கைக் குப்பையில் போடுவது இந்த அறிகுறியால்தான். ஆகவே இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஈசூனில் ஓர் அண்ணன் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். இளமையில் அவர் இருந்த நாடகக் குழு எண்பதுகளில் மேடையேற்றிய தமிழ் நாடகங்களின் ஒளிநாடாக்களை, ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்து கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறார். வேறு எங்கும் பிரதி இல்லாத ஒளிநாடாக்கள். இரண்டு டிஸ்க் இருந்த சின்னப் பெட்டியில் கார்டு மாட்டி நான்காக்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் அழைத்தார்.

"தம்பி, நாலாவது டிஸ்க் செத்துவிட்டது என்று நினைக்கிறேன். டிக் டிக் என்று அடித்துவிட்டு அடங்கிவிடுகிறது. கடையில் கேட்டேன், வேறு வாங்கச் சொல்லிவிட்டார்கள்."

"எதையும் கழற்றாதீர்கள் அண்ணே, வருகிறேன். மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றனவா?"

"நன்றாக இருக்கின்றன. ஆனால் சில நாள் மூன்றாவதும் அப்படித்தான் செய்கிறது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் விடை இருந்தது. ஒரே டிஸ்க் மட்டும் தவறாமல் அடித்தால் அது டிஸ்கின் நோய். இன்று இது, நாளை அது என்று மாறினால் மின்சாரப் பற்றாக்குறை. அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் நான்கும் சேர்ந்து சுழலத் தொடங்கும் ஏறு சுருதி. அது பாதியில் தொய்கிறது. ஒரு 'டிக்'. பிறகு ஒன்று மட்டும் சுருதி இறங்கி நின்றுவிடுகிறது. பெட்டிக்கு மின்சாரம் தந்தது மேசைமேல் கிடந்த 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர்.

கணக்கைப் பாருங்கள். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போது ஐந்து முதல் எட்டு வாட் வரைதான் கேட்கும். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். அதாவது 24 வாட். நான்கு டிஸ்க் ஒரே நேரத்தில் எழுந்தால் 8 ஆம்பியர், 96 வாட். கொடுப்பதோ 5 ஆம்பியர், அதிலும் மதர்போர்டுக்கு ஒரு பங்கு. மின்னழுத்தம் சரியும், எந்த டிஸ்க் பலவீனமான கம்பியில் இருக்கிறதோ அது தகவலைப் படிக்கும் தலையைப் பின்வாங்கிக்கொண்டு நின்றுவிடும். அந்தப் பின்வாங்கும் ஓசைதான் 'டிக்'.

நிரூபிக்க எளிய வழி: மற்ற டிஸ்குகளின் மின் கேபிளைக் கழற்றிவிட்டு, சந்தேகப்படும் டிஸ்கை மட்டும் தனியாக இயக்குங்கள். அண்ணனின் நாலாவது டிஸ்க் தனியாக எழுந்தது, நாடகங்கள் அத்தனையும் இருந்தன. அவர் ஒரு கோப்பைத் திறந்து, மேடையில் மீசை ஒட்டிக்கொண்டு நின்ற தன்னையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை 300 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சிறிய அளவு) பவர் சப்ளை வைக்கக்கூடிய கேஸுக்கு மாற்றினோம். அதன் பிறகு அந்தச் சத்தம் வரவில்லை.

பவர் சப்ளை போதுமானதாக இருந்தும் இதே அறிகுறி வந்தால், பங்கு கேபிளைப் பாருங்கள். சாட்டா மின் இணைப்பில் ஒரு முள் 1.5 ஆம்பியர் தாங்கும். 12 வோல்ட்டுக்கு மூன்று முள்கள், ஆக 4.5 ஆம்பியர். ஒரே சாட்டா முனையிலிருந்து நான்காகப் பிரியும் கேபிள் போட்டால், தொடக்கத்தில் 8 ஆம்பியர் அந்த மூன்று முள்கள் வழியே போக முயல்கிறது. பெரிய நான்கு முள் மோலெக்ஸ் இணைப்பிலிருந்து பிரிப்பது நல்லது, அது கூடுதல் மின்னோட்டம் தாங்கும். ஆனால் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளை வாங்கும்போது அதன் சாட்டா தலையைத் திருப்பிப் பாருங்கள். கம்பிகளை வைத்து அதன்மேல் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்த தலை என்றால் வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் நகர்ந்து ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் தீப்பற்றும். அப்படி எரிந்த கேபிள்கள் உண்டு. பின்பக்கம் மூடி திறந்து, ஒவ்வொரு கம்பியும் தனித்தனி உலோகப் பல்லில் கடித்து நிற்பது தெரிகிற வகையைக் கேட்டு வாங்குங்கள். இரவெல்லாம் இயங்கும் பெட்டி, பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். இரண்டு வெள்ளி மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் ஓடும் மினி பிசி வைத்திருப்பவர்களுக்கு என் கருத்தைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். அந்தப் போர்டுகள் உள்ளே 2.5 அங்குல டிஸ்க் ஒன்றிரண்டுக்குத்தான் மின்சாரம் தரும். 3.5 அங்குல டிஸ்குகளை வெளியே வரிசையாக வைத்து, வேறொரு பவர் சப்ளையை இணைத்து, இரண்டையும் சரியான வரிசையில் இயக்குவது என்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் வீட்டில் வைக்கத் தகுந்ததல்ல. சொந்த அடாப்டர் உள்ள யுஎஸ்பி டிஸ்க் பெட்டி வாங்குங்கள், அல்லது 2.5 அங்குல எஸ்எஸ்டி போடுங்கள்.

அறிகுறி: நன்றாக ஓடுகிறது, பெரிய கோப்பு நகலெடுக்கும்போது அறுந்துவிடுகிறது

முதலில் ஸ்மார்ட் விவரத்தைப் படியுங்கள். ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கிறது. அதில் 199 என்ற வரிசை, கேபிளில் போகும்போது சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை. இது டிஸ்கின் வியாதி அல்ல, வழியில் நடந்த விபத்து. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஆகவே எண் இருப்பது முக்கியமில்லை, ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றி, நூறு கிகாபைட் அளவுக்கு ஏதாவது நகலெடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். நின்றுவிட்டால் கேபிள்தான் குற்றவாளி. சின்னப் பெட்டியில் கேபிளை மடித்து, முறுக்கி, மூடியால் நசுக்கி வைப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. 30 சென்டிமீட்டர் போதுமான இடத்தில் ஒரு மீட்டர் கேபிளைச் சுருட்டி வைக்காதீர்கள். உலோகக் கிளிப் உள்ள கேபிளாக இருக்கட்டும்.

5, 197, 198 ஆகிய வரிசைகளில் எண் ஏறினால் கதை வேறு. அது டிஸ்கின் பரப்பிலேயே பழுது. கோளாறு தேடுவதை நிறுத்திவிட்டு, உடனே நகலெடுக்கத் தொடங்குங்கள்.

199 அசையவில்லை, ஆனாலும் அரை மணி நேரம் கழித்து அறுகிறது என்றால் வெப்பம். வீவக வீட்டின் பாதுகாப்பு அறையைப் பலரும் ஸ்டோர் ரூமாக வைத்திருக்கிறோம். சத்தம் வராது என்று கணினியையும் அங்கே வைத்துவிடுகிறார்கள். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு; உள்ளே சேர்ந்த வெப்பம் எளிதில் வெளியே போகாது. வெளியே 31 பாகை என்றால், கதவு மூடிய அந்த அறையில் நான்கு டிஸ்க் ஓடும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் 45 பாகைக்குக் கீழே இருப்பது நல்லது. பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் அதற்கு அங்கேயே ஓர் அலமாரி மூலை ஒதுக்கிவிடுங்கள்.

கார்டின் சிப்புக்கும் காற்று வேண்டும். எம்.2 கார்டில் சிப்பின்மேல் வெப்பத்தகடு இல்லையென்றால் ஒன்று ஒட்டுங்கள். சர்வர் ஹெச்பிஏ கார்டோ, புயல் மாதிரிக் காற்று வீசும் சர்வர் பெட்டிக்காகச் செய்யப்பட்டது; வீட்டுப் பெட்டியின் அமைதியான காற்று அதற்குப் போதாது. அதன் வெப்பத்தகட்டின்மேல் 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை வைத்துவிட்டால் பல மர்மங்கள் தீரும்.

கணினி சும்மா இருக்கும்போதுதான் அறுகிறது, வேலை கொடுத்தால் சரியாக ஓடுகிறது என்றால், மின்சிக்கனம். விண்டோஸ் பவர் அமைப்பில் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்டை அணைத்துப் பாருங்கள். லினக்ஸிலும் சாட்டா இணைப்பை முழுத் திறனில் வைத்திருக்கும் அமைப்பு உண்டு. சில கார்டுகள் இந்தத் தூக்கத்திலிருந்து சரியாக விழிப்பதில்லை.

நம் ஊர் ஈரப்பதமும் ஒரு காரணம். பல ஆண்டு திறக்காத பெட்டியில் இணைப்புகளின் மேல் மங்கலான படலம் படிந்திருக்கும். கேபிளை இரண்டு மூன்று முறை கழற்றிச் செருகினாலே பெரும்பாலும் சரியாகும். கார்டின் தங்க விரல்களை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ரப்பரால் தேய்க்காதீர்கள், தங்கப் பூச்சு மிக மெல்லியது.

அறிகுறி: எல்லாம் தெரிகிறது, வேகம் மட்டும் இல்லை

ஒரு டிஸ்க் தனியாக நல்ல வேகம், எல்லாம் சேர்ந்தால் ஊர்கிறது என்றால் லேன் போதவில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் விநாடிக்குச் சுமார் 985 மெகாபைட் கடத்தும். இரண்டாம் தலைமுறையில் 500. நல்ல ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 250 மெகாபைட் வரை கொடுக்கும். ஆகவே இரண்டாம் தலைமுறை ஒற்றை லேன் கார்டில் நான்கு டிஸ்க் மாட்டினால், நான்கும் சேர்ந்து ஓடும்போது ஆளுக்கு 125-தான் வரும். மூன்றாம் தலைமுறையில் இரண்டு லேன் பிடிக்கும் ஏஎஸ்எம்1166-இன் ஆறு போர்ட்டுக்கும் ஹார்ட் டிஸ்க் மாட்டினாலும் தாராளம். வீட்டில் படமும் வீடியோவும் வைக்க இதற்குமேல் தேவையில்லை.

எட்டு, பத்து, இருபது போர்ட் என்று மலிவாக விற்கும் கார்டுகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அவற்றில் பலவும் ஒரு சின்னச் சிப்பின் போர்ட்டை இன்னொரு சிப்பால் ஐந்தாகப் பிரித்தவை. ஒரே குழாயில் ஐந்து வீடு தண்ணீர் பிடிப்பது போலத்தான். ஒரு டிஸ்க் திணறினால் அந்த ஐந்தும் சேர்ந்து அறுந்துவிடும். குழுவாக இணைத்து வைத்த டிஸ்குகள் என்றால் சேதம் பெரிது.

கணினி தொடங்கவே நேரமாகிறது, இல்லாத போர்ட்டுகளையெல்லாம் லினக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறது என்றால், ஏஎஸ்எம் சிப்பின் பழைய ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) காரணமாக இருக்கலாம். புதியது ஏற்றினால் பெரும்பாலும் தீரும். ஏற்றும்போது எல்லா டிஸ்குகளையும் கழற்றிவிடுங்கள்.

அறிகுறி: டிஸ்க் தெரிகிறது, ஆனால் காலியாக இருப்பதாகச் சொல்கிறது

யுஎஸ்பி பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்கை எடுத்துச் சாட்டாவில் மாட்டியதும், விண்டோஸ் இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கிறது. தயவுசெய்து அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். சில யுஎஸ்பி பெட்டிகள், டிஸ்கின் 512 பைட் துண்டுகளை 4096 பைட் துண்டுகளாக மொழிபெயர்த்துக் கணினிக்குக் காட்டுகின்றன. அப்படி எழுதப்பட்ட பிரிவு அட்டவணையை, நேரடியாக மாட்டும்போது கணினியால் படிக்க முடிவதில்லை. கோப்புகள் எங்கும் போகவில்லை. டிஸ்கைப் பழைய பெட்டியிலேயே திரும்ப மாட்டுங்கள், எல்லாம் திரும்பி வரும். அங்கிருந்து வேறு டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டு, நகல் திறக்கிறதா என்று நாலைந்து கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு புதிதாக ஃபார்மேட் செய்யுங்கள். அப்படிச் செய்யும்போது அட்டவணை வகையாக ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள்; பழைய எம்பிஆர் அட்டவணை 2 டெராபைட்டுக்கு மேல் பார்க்காது.

எல்லாம் சரியானதும் மூடியைத் திருகுவதற்கு முன் இன்னும் ஒரு வேலை. ஒவ்வொரு டிஸ்கையும் தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாகப் படிக்கும் ஸ்மார்ட் நீள்சோதனையை ஓட்டுங்கள். பெரிய டிஸ்க் என்றால் இரவு முழுதும், சில வேளை மறுநாளும் ஆகும். முடிந்ததும் 199-ஐ மறுபடி பாருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, எந்த போர்ட்டில் எந்த டிஸ்க், டிஸ்கின் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்து, 199-இன் இன்றைய எண் ஆகியவற்றை எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அண்ணனின் பெட்டியில் ஒட்டிய காகிதத்தில் நான்கு வரி இருக்கிறது. நாலாவது டிஸ்குக்கு நேராக 'நாடகம்' என்று அவரே பேனாவால் எழுதியிருக்கிறார்.